ஓட்டோ யாரையும் கடித்ததில்லை

வெர்னா ஹோலுப் தன்னைப் பற்றி இரண்டு விஷயங்களைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். முப்பத்தோரு வருஷம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மண் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியும் ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை. தன் ஆட்டுக்கிடா ஓட்டோ யாரையும் கடித்ததில்லை. முதலாவதை ஊரே ஒப்புக்கொள்ளும். இரண்டாவதைக் கேட்டால் தபால்காரர் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டுவார்.

கடிக்கிறது என்று புகார் போனதில், ஒரு செவ்வாய்க்கிழமை கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் ஆட்கள் வந்து ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்துவிட்டார்கள். முன்கூட்டி ஒரு கடிதம் இல்லை, விசாரணை இல்லை. கொதித்துப்போன வெர்னா வக்கீல் யாரையும் தேடவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து தானே பதினேழு பக்கம் எழுதி ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். அதில் பதினாறு பக்கம் ஓட்டோவின் நற்குணங்கள், மீதி ஒரு பக்கம் பெயரும் முகவரியும்.

தள்ளுபடி செய்யுங்கள் என்று கவுண்டி பதில் மனுப் போட்டது. நீதிபதிக்கு உதவியாக வழக்குகளை முதலில் பார்க்கும் மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் படித்து நீதிபதிக்குப் பரிந்துரை எழுதினார்: கடிதம் வரவில்லை என்று இந்த அம்மாள் எங்குமே சொல்லவில்லை, ஆகவே தள்ளுபடி செய்யலாம். போகிறபோக்கில் 'கடிக்கும் சுபாவமுள்ள அந்த ஆடு' என்றும் எழுதிவிட்டார். ஆட்சேபிக்கப் பதினாலு நாள் தவணை.

பக்கத்துப் பண்ணை ராய்ஸ் பெட்ஸ்கா நீதிமன்ற அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னா சுட்ட பழ ரொட்டி இரண்டைத் தின்று முடித்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார்.

"இத பாரு வெர்னா, நீ எதை ஆட்சேபிக்கிறியோ அதை மட்டும்தான் ஜட்ஜ் புதுசா எடுத்துப் பார்ப்பாரு. மத்ததெல்லாம் அப்படியே போயிடும். கடுதாசி வரல, வழக்கைத் திருத்தி எழுத அனுமதி குடுங்கன்னு ரெண்டே வரி போடு. ஆட்டை மீட்க வழி பொறக்கும்."

"அது கெடக்கட்டும். கடிக்கும்னு எழுதியிருக்கானே, அதை என்ன பண்றது?"

"அதை விட்டுத் தொலை."

"உன்னைப் பத்தி அப்படி எழுதியிருந்தா விடுவியா?"

"நான்தான் கடிக்க மாட்டேனே!"

அவ்வளவுதான், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பதினாலாம் நாள் வெர்னா ஒன்பது பக்கம் அனுப்பினாள். ஒன்பதும் கடியைப் பற்றியே.

"அந்த ரெண்டு வரி?" என்றார் ராய்ஸ்.

"இடம் பத்தல."

நீதிபதி கடமையில் இம்மியும் பிசகாத மனிதர். இரண்டு மாதம் கழித்துப் பதினோரு பக்கத்தில் உத்தரவு வந்தது. இந்தக் கட்டத்தில் வழக்குப் போட்டவர் எழுதியதை உண்மை என்றே கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஓட்டோ கடித்ததில்லை என்று வெர்னா நாற்பத்திரண்டு இடங்களில் எழுதியிருக்கிறாள். ஆகவே ஓட்டோ கடித்ததில்லை. மாஜிஸ்திரேட் எழுதியது தவறு, ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. மீதிப் பகுதியை யாரும் ஆட்சேபிக்கவில்லை, அதில் கண்ணுக்குத் தெரிந்த பிழையும் இல்லை. வழக்கு தள்ளுபடி.

"ஜெயிச்சுட்டேன் ராய்ஸ்!"

"கடைசிப் பக்கம் படிச்சியா?"

படித்திருந்தாள். வழக்கு போய்விட்டதால் சனிக்கிழமை ஓட்டோ ஏலத்துக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமை காலை பட்டிக்குப் போய்க் கம்பிவேலி ஓரம் நின்று, ஓட்டோ கடித்ததில்லை என்று நீதிபதி எழுதியிருந்த உத்தரவின் ஒன்பதாம் பக்கத்தை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். ஓட்டோ காதை ஆட்டிக் கேட்டான். மனசு தாங்காமல் அவன் தாடியைத் தடவக் கையை உள்ளே விட்டாள். மறு நொடி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

முழங்கைவரை தோல் உறை மாட்டியிருந்த காவல்காரி மேவிஸ் ஓடிவந்தாள்.

"ஐயையோ, என்னக்கா ரத்தம்? கடிச்சிடுச்சா?"

வெர்னா விரலைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, மற்ற கையால் உத்தரவை நீட்டினாள்.

"ஒன்பதாம் பக்கம். நீயே படிச்சுப் பாரு."