ஒரத்தநாட்டுக் கல்யாணமும் கழுவினாலும் போகாத மேக்கப்பும்

இந்த ஆவணியில் ஒரத்தநாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போய்வந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போய்வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பஸ், ஆட்டோ விவரங்களுக்கு நடுவே அதுவும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணப்பெண் கயல்விழி, சென்னை ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது சொந்த ஊர்ப் பக்கமே மாட்டு டாக்டர். நல்ல கறுப்பு. அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. குறை எல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான். நான் அழகுப்பொருள் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஃபவுண்டேஷனிலும் ஹேர் சீரத்திலும் எந்த சிலிகோனை எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் என் பிழைப்பு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும் நேரத்தில் தஞ்சாவூர். நான் கல்யாணத்துக்கு முதல் நாளே போய்விட்டேன். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அங்கிருந்து ஒரத்தநாடு இருபத்து நாலு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இறங்கி மண்டபத்துக்கு இன்னொரு ஆட்டோ பிடித்தேன். நேர் ரோட்டில் போகாமல் வண்டி வேறு பக்கம் திரும்பியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சுத்தித்தாங்க போவணும். குறுவை அறுப்பு, ரோடு முழுக்க நெல்லு காயுது. அது மேல ஏத்துனா நாளைக்கு நான் இந்த ஊர்ல வண்டி ஓட்ட முடியாதுங்க" என்றார் டிரைவர். கூடுதலாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இந்த ஊரில் எனக்குக் கோபம் வராத ஒரே விஷயம் அந்த ஆட்டோ சவாரி.

ஆவணிப் புழுக்கம் என்றால் சாதாரணப் புழுக்கமில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயலெல்லாம் ஈரம். காலையில் வாரிய தலை பத்து மணிக்குப் பரட்டையாகிவிடும். சீரம் கொண்டுபோங்கள். அதில் இருக்கும் சிலிகோன் முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தை உள்ளே விடாது. இரண்டு சொட்டு போதும், வேரில் தடவாதீர்கள். சிலிகோன் விஷம், தோல் மூச்சு விடாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்பி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அந்தப் பாவப்பட்ட படலத்தின்மேல் எனக்குக் கோபமே இல்லை. அதற்கு அடியில் எந்த நிறத்தைப் பூசுகிறார்கள் என்பதில்தான் கோபம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மணப்பெண் அறைக்குப் போனேன். கயல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தஞ்சாவூரிலிருந்து வந்த பியூட்டிஷியன் அவள் முகத்தில் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு ஆள், கழுத்து இன்னொரு ஆள். இப்போது கழுத்தையும் முகத்தின் நிறத்துக்குக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்.

"இது அவ ஷேடு இல்லையே" என்றேன்.

"தெரியுங்க. டிரையல்ல அவங்க ஷேடுதான் போட்டேன். மாப்பிள்ளை வீட்ல போன் பண்ணி மூணு ஷேடு வெளுப்பா ஏத்திடச் சொன்னாங்க. பணம் கட்டுனது அவங்க."

கயல் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். முகம் யாருடையதோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை, போனை எடுத்தவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு கூத்தும் இருந்தது. இந்தப் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் நலங்கு வைப்பார்கள். அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்துப் பெண்ணின் தலை, தோள், முழங்காலில் வைப்பார்கள். பிறகு மஞ்சள், சந்தனம், குளியல். குளித்த பிறகுதான் அலங்காரம். ஆனால் நலங்கும் வீடியோவில் "பளிச்"சென்று வர வேண்டுமாம். அதனால் முழு மேக்கப்பையும் முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். குளிக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "குளிச்சாலும் போகாதுங்க, வாட்டர்ப்ரூஃப்" என்றார் பியூட்டிஷியன்.

அவர் சொன்னது சரிதான். அந்த வகை ஃபவுண்டேஷனில் சிலிகோன் பிசின் இருக்கும். கூட இருக்கும் திரவம் ஆவியானதும் பிசின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய் செய்யும். நலங்கில் முதலில் வைப்பதே எண்ணெய் என்பதை அந்த அறையில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஏழு மணிக்கு நலங்கு. கயலின் அம்மா பட்டும் படாமல் வைத்தார். அடுத்து வந்த தாய்மாமன் மனைவிக்குப் பாசம் அதிகம். புல்லை முக்கி எடுத்து உச்சியில் அப்படியே வழியவிட்டார். நல்லெண்ணெய் நெற்றியில் இறங்கிக் கன்னம் வரை வந்தது. பதறிப்போன பியூட்டிஷியன் டிஷ்யூவால் துடைத்தார். பூசிய நிறம் திட்டாகப் பெயர்ந்து வந்தது. வெள்ளைக் கன்னத்தின் நடுவே கயலின் சொந்த நிறம், விரல் அகலத்துக்கு.

முகூர்த்தப் புடவைத் தட்டோடு வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை அலறினார். "ஐயையோ, தொடாதீங்க! அந்த எடத்துல இன்னொருக்கா பூசிவுடும்மா. போட்டோவுல நம்ம புள்ள பக்கத்துல இருட்டடிச்ச மாரி இருக்கும்."

கயல் என்னைப் பார்த்தாள். "இது எதுலடி போகும்?"

"எண்ணெயிலதான்."

நலங்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் அள்ளி முகம் முழுக்கத் தேய்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்தாள், மறுபடி தேய்த்தாள், மறுபடி துடைத்தாள்.

"என்னம்மா இது, சபையில?" என்றார் அத்தை.

"மாட்டுக்கு ஊசி போட வர்றப்ப யாரும் என்கிட்ட ஷேடு கேட்டதில்லைங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். எண்ணெய்ப் பளபளப்பும் மஞ்சளுமாக, தன் முகத்தோடு மணவறையில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் தணிந்திருந்தது. தலையைத் தூக்கி மேடைக்குப் பக்கத்திலிருந்த பெரிய எல்இடி திரையைப் பார்த்தேன். அதில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெளுத்த, சந்தனச் சிலை மாதிரி ஒருத்தி. வீடியோக்காரர் கேமராவில் ஏதோ ஃபில்டரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணெயில் கரைத்ததை மின்சாரத்தில் பூசிவிட்டார்கள்.

கயலும் பார்த்துவிட்டாள். ஐயரின் மைக் எதிரிலேயே இருந்தது.

"வீடியோ அண்ணே, டிவியில இருக்கறது யாரு? அவங்களுக்குக் கல்யாணம்னா கூப்புடுங்க, நான் எந்திரிச்சுக்கிறேன்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. மேளம் நின்றது. அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடம் எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவருக்கும் அதே பூச்சை இரண்டு கோட் அடித்திருந்தார்கள். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார், அப்போதும் போகவில்லை.

"ஆஃப் பண்ணுங்க அத" என்றார் வீடியோக்காரரிடம். பிறகு கயலிடம், மைக் இருப்பதை மறந்து, "உங்க எண்ணெய் மிச்சம் இருக்கா?" என்றார்.

திரை கறுப்பாக இருக்கும்போதுதான் தாலி கட்டினார்.

இந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நீடித்து நிற்கும் மேக்கப்பை சோப்பு போட்டுச் சுரண்டாதீர்கள், தோல்தான் போகும். முதலில் எண்ணெய், அப்புறம் ஃபேஸ்வாஷ். ஃபவுண்டேஷன் வாங்கும்போது தாடையிலும் கழுத்திலும் தடவி வெயிலில் நின்று பாருங்கள். ஊருக்குத் திரும்ப ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள், முகூர்த்த நாட்களில் கிடைக்காது. மேக்கப் பேசப் போகும்போது பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் முகத்துக்குத்தானே பேசுகிறீர்கள்.