மாடு தின்னாத மீன்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் நான் மீன்கடையில் வேலை செய்தபோது, பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மா சனிக்கிழமைகளில் வருவார். எந்த மீனை எடுத்தாலும் வாயைத் திறந்து உள்ளே பார்ப்பார்.

ஒருநாள் வளர்ப்பு சால்மன் ஒன்றின் வாயைத் திறந்தபடியே, "தம்பி, இதுக்கு மாட்டெலும்பு மா தீனாப் போட்டவையோ? பிள்ளை பெத்த மகளுக்குச் சமைக்கவேணும். எங்கட வீட்டுக்குள்ள மாடு வரக்கூடாது" என்றார்.

வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். நான் தராசைத் துடைக்கத் தொடங்கினேன்.

"முதலாளியைக் கேளுங்கோ தம்பி, மீனே வாய் திறக்குது!"

கூச்சத்தோடு கேட்டேன். ஜெர்மன்காரரான முதலாளி சிரிக்காமல், மீன் அனுப்புகிறவருக்குப் போன் எடுத்தார். தீனில் மாடு இல்லையாம். மீன்மாவோடு கோழி இறகு மாவும் கோழி இரத்தமும்தானாம்.

"கோழியோ? அதை நாங்களும் தின்னுறனாங்கள்தானே. வெட்டுங்கோ!"

மாட்டெலும்புத் தீனால் பரவிய பைத்திய மாட்டு நோய்ப் பயம் அடங்காத காலம் அது. அடுத்த சனி முதலாளி, 'மாடு தின்னாத சால்மன்' என்று பலகையில் எழுதி வைத்தார். அம்மா வருமுன்பே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. வெறும் ஐஸைப் பார்த்துச் சிரித்தவர், குனிந்து சொன்னார்: "இனி உங்கட காதுக்குள்ளதான் கேட்பன்."

அன்றிலிருந்து அவருக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்தேன். அதன் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். உள்ளே என்னத்தைப் பார்த்தாரோ, கேட்க எனக்குத் துணிவு வரவேயில்லை.