கேள்விக்குறிகளாகிப்போன பதிவுகள்

பாகூரில் கரும்பு பயிரிட்ட என் கணவர், தமிழில் ஒரு வலைப்பூவும் எழுதிவந்தார். அவர் இறந்த பிறகு அந்தத் தளம் மூடப்பட்டது. அவர் எப்போதோ பென்டிரைவில் எடுத்துவைத்த பேக்கப் மட்டும் மிஞ்சியது.

வில்லியனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் ரபீக், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, வெப் சர்வரையும் டேட்டாபேஸையும் நிறுவி, பேக்கப்பை ஏற்றினார். பக்கம் திறந்தது. படங்கள் இருந்தன, தேதிகள் இருந்தன. தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறிகள்.

ரபீக் மதியம்வரை என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில், "பேக்கப் எடுக்கும்போதே எழுத்து அழிஞ்சிடுச்சி அண்ணி. இனிமே வராது" என்றார், மெதுவாக.

அப்போதுதான் என் மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"வந்துடுச்சா? எம்புள்ள இன்னா எழுதிக்கிறான், படிமா."

கணவர் முதன்முதலில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டியது நினைவில் இருந்தது. திரையைப் பார்த்தபடியே அதைச் சொன்னேன். கரும்பில் காய்ந்த சோகை இலைகளை உரித்துவிட்டு வரும் அம்மாவின் கையெல்லாம் கீறலாக இருக்கும் என்று தொடங்கும் பதிவு அது. மாமியார் தன் கைகளைத் தடவிக்கொண்டார். ரபீக் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அடுத்தது படிமா" என்றார் மாமியார்.

அடுத்ததையும் என் கணவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும்தான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டியிருக்கிறேன். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"நாளைக்குப் படிக்கிறேன் அத்தை" என்றேன்.

இனி யாராவது எதையாவது வாசித்துக் காட்டினால், அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பேன். எனக்கு வாசித்துக் காட்டத்தான் வீட்டில் யாருமில்லை.