தேவகிக்குக் கேட்காத சைரன்

காது கேட்காத பிள்ளைகளுக்கு வேலைப் பயிற்சி கொடுத்து, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் சேர்த்துவிடுவதுதான் என் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, ரத்தக்கொதிப்பு இருந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

சேர்த்துவிட்ட நாள்

தேவகிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பயிற்சியில் அவள் கை ஓடிய வேகத்தைப் பார்த்து, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று உடனே எடுத்துக்கொண்டது. லைன் கடைசியில், சுவரைப் பார்த்த மாதிரி இடம்.

தீ விபத்து என்றால் இவளுக்கு எப்படித் தெரியும், எதிரே ஒரு விளக்கு வைக்கலாமே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கவலையே படாதீங்க சார். நம்ம சைரன் அடிச்சா வாலாஜாபாத் வரைக்கும் கேக்கும்."

பாராட்டு

இரண்டு மாதம் கழித்து அதே சூப்பர்வைசரிடமிருந்து போன். குரலில் தேன் ஒழுகியது. முந்தின நாள் ஃபயர் ட்ரில் நடந்ததாம். சைரன் அடித்ததும் ஷெட்டே காலியாகி, எல்லோரும் கேட் பக்கம் போய் வரிசையில் நின்றார்களாம். தேவகி மட்டும் தலை நிமிராமல் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தாளாம். யாரும் போய் அவளைத் தொட்டுக் கூப்பிடவில்லை.

நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்? அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முடித்துவிட்டார்.

"அத்தினி பேரு வெளிய நிக்கிறாங்க, இந்தப் பொண்ணு ப்ரொடக்‌ஷன நிறுத்தவே இல்ல சார். இதே மாதிரி இன்னும் பத்து பேர அனுப்புங்க."

வீடியோ

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வாலாஜாபாத் வரை கம்பெனிகளில் இருக்கும் காது கேட்காதவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எல்லாம் சைகை வீடியோதான். வாடகை ரூமிலிருந்து பெண் பார்ப்பது வரை அதில்தான் பேசி முடிப்பார்கள். எல்லோரும் திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்துகொண்ட தேவகி, நடந்ததையெல்லாம் அங்கே சைகையில் போட்டு உடைத்துவிட்டாள்.

அவளுடைய அண்ணன் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டான். "இன்னா சார் இது, வேலை பூடப்போவுது. அத அழிக்கச் சொல்லுங்க சார்" என்றான். எனக்கும் அதே பயம்தான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அண்ணன் சொன்னதை அவளுக்கு அப்படியே அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"வேலை போனா வேற வேலை. நான் போனா?"

நேர்காணல்

சூப்பர்வைசர் கேட்ட பத்து பேருக்காக, கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா எங்கள் மையத்துக்கே வந்தார். டீயும் சமோசாவும் ஆறிப்போயின. ஒரு ஆள்கூட வரவில்லை. அழைத்தால் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்கிற பிள்ளைகள்! ஒவ்வொருவரையும் வாட்ஸ்அப்பில் கேட்டேன். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: விளக்கு வைத்தால் வருகிறோம்.

தேவகியின் வேலை இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டே போனை அந்த அம்மாவிடம் நீட்டினேன். எதற்கு விளக்கு என்று அவருக்கு விளங்கவில்லை. நான் ட்ரில் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

"எங்க ஷெட்டுக்குள்ள நடந்தது எனக்கே தெரியாது. காது கேக்காத இவங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

அடுத்த வாரமே தேவகியின் எதிரே சிவப்பு விளக்கு வந்துவிட்டது. ஒரு உயிருக்காக வராதது, பத்து ஆளுக்காக வந்தது.