எஞ்சின் பெட்டி மேல் ஒரு மெத்தை

சென்ற செவ்வாய் காலை எட்டரைக்கு இணுவிலில் தெல்லிப்பழை மினிபஸ்ஸில் ஏறினேன். எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்த பின், சாரதிக்குப் பக்கத்திலுள்ள எஞ்சின் பெட்டியின் மேல் உட்காருவதென்று தீர்மானித்தேன். பெரிய தீர்மானங்கள் பெரும்பாலும் வேறு இடமில்லாதபோதுதான் எடுக்கப்படுகின்றன.

பெட்டியின் மேலிருந்த ஸ்பொஞ்சு மெத்தை சூட்டில் இறுகி, பழைய பேக்கரிப் பாண் போல உதிர்ந்துகொண்டிருந்தது. மருதனார்மடம் வருமுன் எழுந்துவிட்டேன்.

"சுடுதோ அண்ணை?" என்றார் சாரதி. "உரும்பிராயிலை வாசுகி அக்கா சூடு தாங்கிற ஸ்பொஞ்சு செய்யிறா. ரெண்டு தரம் பிழைச்சுப்போச்சு. இண்டைக்குத் திரும்ப ஊத்திறா, நாளைக்கு உதிலை போட்டுப் பாப்பன். இதுவும் சரிவராட்டி முதலாளி எல்லா பஸ்ஸுக்கும் கொழும்பிலை எடுத்திடுவார்."

அதைப் பார்க்க மருதனார்மடத்திலேயே இறங்கினேன். உரும்பிராய்க்கு மூன்று கிலோமீற்றர். ஓட்டோவுக்கு நானூறு ரூபாய்.

வாழைத்தோட்டத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முகமூடி அணிந்திருந்த வாசுகியிடம் முன்பு என்ன பிழைத்தது என்று கேட்டேன்.

"ஊத்தின கட்டி உள்ளுக்கை தானாச் சூடேறும் அண்ணை. காத்துப்பட விடோணும். இவர் சாக்குப் போட்டு மூடிவிட்டார். நடுவிலை கருகிப்போச்சு."

"மூடினாத்தானே பழுக்கும்?" என்றார் தோட்டக்காரரான கணவர்.

"கேட்டியளே? உவருக்கு உலகத்திலை எல்லாம் வாழைக்குலைதான்."

"இரண்டாந்தரம்?"

"மழைக்குளிர் எண்டு மூடினவர். இண்டைக்குச் சாக்கெல்லாம் அம்மா வீட்டிலை."

பிறகு வாசுகி இரண்டு திரவங்களை ஒரு வாளியில் ஊற்றி, துளையிடும் மெசினில் பூட்டிய துடுப்பால் சில விநாடிகள் கலக்கி, மரப்பெட்டிக்குள் கவிழ்த்தார். பெட்டியின் அடியை மூடக்கூடப் போதாத அந்தப் பால்நிறக் குழம்பு ஒரு கணம் சும்மா கிடந்தது. பின்னர் எழுந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், யாரோ உள்ளிருந்து மூச்சு விடுவதுபோல் எழுந்து, என் இடுப்பளவு பெட்டியின் விளிம்பைத் தாண்டி நின்றது. கோயில்களில் கூட நான் இவ்வளவு நேரம் வாய் பேசாமல் நின்றதில்லை. கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வாசுகி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் பார்க்கப் போக விரும்புவோர் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். முகமூடி அவசியம், ஊற்றும்போது கொட்டகைக்கு வெளியே நில்லுங்கள். எதையும் மூட வேண்டாம்.

வியாழக்கிழமை அதே பஸ்ஸில் ஏறினேன். "புது மெத்தை போட்டு நேற்று முழுக்க ஓடினது, அமத்திப் பாருங்கோ" என்றார் சாரதி. எட்டி அழுத்தினேன். விரலை எடுத்ததும் பள்ளம் மறைந்தது. முதலாளி எல்லா பஸ்ஸுக்கும் வாசுகியிடமே செய்யச் சொல்லிவிட்டாராம்.

எஞ்சின் பெட்டியின் மேல் நடத்துநர் உட்கார்ந்திருந்தார். தெல்லிப்பழை வரை நான் நின்றுகொண்டு போனேன்.