ஆபிதா பீவியின் முன்பல்

மேலப்பாளையத்தில் ஜாக்கெட் தைக்கிற ஆபிதா பீவிக்கு நாற்பத்தெட்டு வயசு. கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். இருபத்தைந்து வருஷமாக அப்படிக் கடித்ததில் மேல்வரிசை முன்பல்லில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. பக்கத்துப் பல் எப்போதோ அடிபட்டு, உள்ளே செத்து, கறுத்துக் கிடந்தது. இரண்டையும் அவள் இத்தனை நாளும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. தங்கச்சி சபீதா துபாயிலிருந்து வந்து இறங்கியதும்தான் வினை பிடித்தது.

சின்ன வயசில் சபீதாவுக்கு எத்துப்பல். உதட்டை எவ்வளவு இழுத்து மூடினாலும் மூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "மூத்தவளுக்கு என்ன பல்வரிசை!" என்பார்கள். நிறம், படிப்பு, முடி என்று எல்லாவற்றையும் தங்கச்சிக்கே அள்ளிக் கொடுத்த அல்லாஹ், பல்லை மட்டும் தனக்கென்று ஒதுக்கி வைத்ததாக ஆபிதாவுக்கு நினைப்பு. பின்னால் சபீதாவுக்கு துபாய் மாப்பிள்ளையும் மாடி வீடும் அமைந்தபோதுகூட அதை நினைத்துத்தான் மனசை ஆற்றிக்கொண்டாள். இப்போது தங்கச்சி வாசலில் நின்று "லாத்தா!" என்று அக்காவைக் கூப்பிட்டுச் சிரிக்கிறாள், எத்துப்பல்லைக் காணோம். மேல்வரிசை நூல் பிடித்து அடுக்கின மாதிரி இருக்கிறது. ஆபிதாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? அதற்கு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

சபீதாவின் மகள் நஃபீஸத்துக்கு இரண்டு மாசத்தில் நிக்காஹ். ஊரே வரும், வீடியோ எடுப்பார்கள். கறுத்த பல்லோடு தங்கச்சி பக்கத்தில் நிற்பதா? அதைவிட நிக்காஹுக்குப் போகாமலே இருக்கலாம். ஆபிதா யாரிடமும் சொல்லாமல் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

பல் டாக்டர் ஸ்வீட்லின் விளக்கை அடித்துப் பார்த்தார். "தையல் வேலையாம்மா? வெட்டப் பாத்தாலே தெரியுது," என்றார். கறுத்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போடலாம். வெட்டைப் பல் நிறத்துப் பசையால் நிரப்பிவிடலாம். கடைவாயில் பல் விழுந்த இடத்தில் எலும்பில் திருகு இறக்கிப் புதுப்பல் வைக்கலாம். வேண்டாமென்றால் கழற்றி மாட்டுகிற செட்டு இருக்கிறது.

"கடவாய யாரு பாக்கா? முன்னால உள்ளத மட்டும் செய்யுங்க," என்று ஆபிதா போனை எடுத்து, சபீதா சிரிக்கும் படத்தைக் காட்டினாள். "அச்சு இது மாரி வேணும்."

நாலு தடவை போய் வந்தாள். வேலை முடிந்து கண்ணாடியைப் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. "இனி நூலக் கடிச்சீங்கன்னா பச பேந்துரும்," என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து கத்தரிக்கோலை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சபீதாவோ, "நல்லாருக்கு லாத்தா," என்று மட்டும் சொன்னாள். அதுகூடப் பொறாமையில் சொன்னதாக இருக்கும் என்று ஆபிதாவுக்கு ஒரே சந்தோஷம்.

நிக்காஹ் அன்று மண்டபத்தில், பெண்கள் அறையில், சபீதாவின் ஜாக்கெட்டில் கைப்பக்கத்துத் தையல் விட்டுப்போனது. "லாத்தா, பைய ரெண்டு தையல் போடேன்," என்றாள். கத்தரிக்கோல் வீட்டில் இருந்தது. ஆபிதா தைத்தாள், முடிச்சுப் போட்டாள், குனிந்தாள், கடித்தாள். டக்கென்றது. உள்ளங்கையில் பசைத்துண்டு விழுந்தது.

"நல்லா சிரிளா. ஒனக்கு இப்ப குளுந்துருக்குமே," என்றாள் ஆபிதா. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சபீதா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அங்கன துபாய்ல டாக்டரு எப்பிடிப் பல்லு வேணும்னு படம் படமாக் காட்டுனாரு லாத்தா. எனக்கு ஒண்ணும் புடிக்கல. ஒன் நிக்காஹ் போட்டோவக் காட்டி, இது மாரி கட்டுங்கன்னேன். எத்துப்பல்ல வச்சிக்கிட்டு ஒன் பக்கத்துல நின்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

ஆபிதா தங்கச்சியின் வாயை உற்றுப் பார்த்தாள். இடதுபக்கத்துப் பல் பக்கத்துப் பல்மேல் ஒரு இழை சாய்ந்திருந்தது. ஆபிதாவின் பழைய பல்வரிசையில் இருந்த அந்தச் சாய்வைக்கூட விடாமல் கட்டியிருக்கிறார்கள். ஊரார் ஜாக்கெட்டுக்கெல்லாம் நூல் கடித்து, தான் தொலைத்த பல்வரிசை அங்கே இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் தங்கச்சியைக் கட்டிப்பிடித்திருப்பாள். ஆபிதாவுக்கு முன்னைவிட இரண்டு மடங்கு எரிந்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் தாயார் ஆசியா உம்மாள் சபீதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, ஒங்களுக்கு என்ன பல்வரிச! பொறவியிலேயே இப்பிடியா?"

"ஆமா, பொறவியிலேயே இப்பிடித்தான்," என்றாள் சபீதா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"ஏளா, யாரு பொறவியில?" என்று கேட்க ஆபிதாவுக்கு வாய் துடித்தது. திறந்தால் வெட்டு தெரியும். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, தங்கச்சி பக்கத்தில் வீடியோவுக்கு நின்றாள்.