மஞ்சள் கல் மேல் மாரித்தாய் கடை

சீவலப்பேரியிலிருந்து கிளம்பும் முதல் டவுன் பஸ்ஸில் நாலு கூடைக் கீரையோடு ஏறிவிடுவாள் மாரித்தாய். ஏழு மணிக்கெல்லாம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து நடைபாதையில், அலி அஸ்கர் அண்ணாச்சியின் செருப்புக் கடைக்கு முன்னால் அவள் சாக்கு விரிந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாக அதுதான் இடம். புருஷனைப் பறிகொடுத்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்த நாலடி இடந்தான்.

போன வருஷம் நடைபாதையை உடைத்துப் புதுக்கல் பாவினார்கள். நட்டநடுவில் மஞ்சளாக ஒரு வரிசை. அதில் மட்டும் நீளநீளமாக வரம்பு எழும்பியிருந்தது. எதற்கென்று யாரும் வந்து சொல்லவில்லை. வியாபாரிகள் கூடிப் பேசி, இது நமக்கு விட்ட இடம் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். மாரித்தாய்க்கோ சந்தேகமே இல்லை. கீரைக்குத் தண்ணீர் தெளித்தால் வரம்புக்கு நடுவே வழிந்து ஓடிவிடுகிறது, தண்டு அழுகுவதில்லை. கீரைக்காரிக்கென்றே யோசித்துச் செய்த கல் இல்லாமல் வேறென்ன? மஞ்சளைத் தாண்டி ஒரு கட்டு வைக்கமாட்டாள். தாண்டி வைப்பவர்களோடு சண்டைக்கே போவாள். மாநகராட்சி ஆட்கள் எழும்பச் சொன்னால், "கோட்டுக்குள்ளதான இருக்கேன்!" என்று அவர்களையே மடக்குவாள்.

ஒரு காலையில் வெள்ளைக் கம்பு ஒன்று அவள் கூடையில் வந்து முட்டியது. பிடித்திருந்தவர் நேசையா. பார்வை இல்லாதவர், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பாட்டு வாத்தியார். கூடையைக் கம்பால் தடவிப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினார். டவுன் பஸ் ஒன்று கிரீச்சென்று நின்றது. மனுஷன் முழங்கால் குத்தி விழுந்துவிட்டார். மாரித்தாய் ஓடிப்போய்த் தூக்கினாள். பதற்றம் ஏச்சாகத்தான் வந்தது.

"ஏன் சார், மஞ்சளை விட்டு ஒதுங்கி அந்தப் பக்கமா நடக்கப்படாதா?"

"அந்த மஞ்சளே எங்களுக்குப் போட்டதுதாம்மா. வரம்பைக் கால்ல தொட்டுக்கிட்டே போவோம். புள்ளி புள்ளியா வந்தா நிக்கணும்."

"சும்மா சொல்லாதீங்க."

அவர் வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் வியாபாரம் ஓய்ந்து பக்கத்து வியாபாரிகள் சாக்கைச் சுருட்டியபோது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மாரித்தாய் அந்தக் கல் மேல் நடந்தாள். "மாரித்தாய்க்குக் கிறுக்கு பிடிச்சிட்டு டோய்!" என்று பக்கத்தில் சிரித்தார்கள். வரம்பு அவள் பாதத்தைக் கூட்டிக்கொண்டு போனது. இருபது எட்டு வைத்ததும் காலடியில் புள்ளிகள் குமிழ் குமிழாய்த் தட்டின. நின்று கண் திறந்தாள். மூக்குக்கு முன்னால் ஒரு கார் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவள் சாக்கையும் கூடைகளையும் பார்த்தாள். மஞ்சளை விட்டால் இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் கடைகள். பிழைப்புக்கு எங்கே போவாள்? செருப்புக் கடைப் படியை ஒட்டிச் சுவரோரமாகக் கொஞ்சம் இடம் கிடந்தது. அதுவும் அண்ணாச்சி மனசு வைத்தால்தான்.

"அண்ணாச்சி, படியோரமா ரெண்டு கூடை வச்சுக்கிடுதேன்."

"நல்லா இருக்கே! செருப்பு வாங்க வாறவன் கீரையை மிதிச்சிட்டா உள்ள வருவான்?"

"உங்க கடை போர்டும் மஞ்சள் மேலதான் நிக்கி. காலையில அந்த சார் பஸ்ஸுக்கடியில போயிருப்பாரு. என் கூடை பாவம்னா உங்க போர்டும் பாவந்தான்."

"ஏட்டி, என்னையுமா கூட்டு சேக்க?"

"ஆமா. இடம் தரலன்னா நாளைக்கும் இங்கனயே இருப்பேன். பாவத்தைப் பாதி பாதியாப் பிரிச்சுக்கிடுவோம்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்டைத் தூக்கி உள்ளே வைத்தார். "தண்ணி தெளிச்சுப் படியை நனைச்சே, பாத்துக்கோ!"

மறுநாள் நாலு கூடை இரண்டாகிவிட்டது. கட்டுகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். வருகிறவர்கள் கண்ணில் அவள் பட்டால்தானே? எட்டு மணிவரை இரண்டு கட்டுதான் போனது.

அப்போது கம்புச் சத்தம் கேட்டது. வரம்பில் உரசிக்கொண்டு நேராக வந்த நேசையா, நேற்று கூடையில் கம்பு முட்டிய இடத்தில் நின்றார். முகம் வாடியது. கடைப்பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, பாதை வெறுமனே கெடக்கே. அந்தக் கீரைக்கார அம்மாவை எழுப்பி விட்டுட்டாங்களோ?" என்றார்.

மாரித்தாய் சுவரோரத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"எங்கயும் போகல சார். இங்கன சுவரோரமா இருக்கேன்."

குரல் வந்த பக்கம் அவர் முகம் மலர்ந்தது. "அரைக்கீரை இருக்காம்மா?"

"இருக்கு. நீங்க அங்கனயே நில்லுங்க."

எழுந்து, கட்டை உதறி, ஈரம் சட்டையில் படாதபடி காகிதத்தில் சுற்றி, அவர் நின்ற இடத்துக்கே கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள்.